இருபத்து மூன்று வீட்டு நன்றி

செவல்விளையில் அடிக்கிற பந்தெல்லாம் தவசிக்கனி அண்ணாச்சி வீட்டுக்குப் போக ஆரம்பித்தது மாசி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு. அப்போது நான் பூப்பந்தாட்டக் கழகத்து மைதானத்தில் விசிலும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். மேற்குப் பக்கத்து ஆட்டக்காரர் அடித்த பந்து, மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய எலுமிச்சங்காய் அளவுப் பந்து, வலையைத் தாண்டியது, கோட்டைத் தாண்டியது, வேலியைத் தாண்டியது, மின்கம்பத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்று வழி பார்த்தது, பிறகு இடது கைப் பக்கம் திரும்பி ஓடைத்தெரு வழியாகவே போய், மூன்றாவது வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் காலடியில் போய் உட்கார்ந்தது. அடுத்த பந்தும் அப்படியே போனது. அதற்கு அடுத்த பந்தும் போனது. கையிருப்பில் இருந்த ஆறு பந்தும் போன பிறகு நான் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டம் முடிந்தது என்று சொன்னேன்.

ஊர் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. தவசிக்கனி ஆடிய காலத்தில் பந்து எங்கே விழுமோ அங்கே அவர் முன்கூட்டியே போய் நிற்பார். எதிராளி மட்டையை ஓங்குவதற்கு முன்பே நின்றுவிடுவார். முப்பது வருஷமாகப் பந்தைத் தேடி அவர் போனார், இப்போது அவரைத் தேடிப் பந்து போகிறது, இதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். காரணம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. காரணம் தெரிந்தவர்களோ வாயைத் திறக்கவில்லை, அவர்களில் முதல் ஆள் நான்.

என் பெயர் பால்துரை. கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் தீர்ப்புகளை நகல் எடுத்தவன், ஒரு கால்புள்ளிகூட என் கையில் இடம் மாறியதில்லை என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன். ஓய்வு பெற்றதும் அந்தப் பெருமையை நம்பித்தான் என்னைக் கழகத்துச் செயலாளர் ஆக்கினார்கள்.

எங்கள் கழகத்தில் படம் ஏறுவது என்று ஒன்று உண்டு. மற்ற ஊர்களில் ஆள் செத்தால்தான் சுவரில் படம் ஏறும். இங்கே உயிரோடு இருக்கும்போதே, மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் கீர்த்திக் கூடத்தில், பெரிய ஆட்டக்காரர்களின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவோம். அறுபது வயது ஆகிற வருஷம் ஒருவருடைய பெயர் பட்டியலுக்கு வரும். ஒரே ஒரு தடவைதான் வரும், இரண்டாம் தடவை கேட்பது பிச்சைக்குச் சமம் என்று கழகத்தை ஆரம்பித்தவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். பழைய கேப்டன்கள், பயிற்சியாளர்கள், நடுவர்கள் என்று இருபத்து நான்கு பேருக்கு ஓட்டு. ஆளுக்கு இரண்டு பெயர் எழுதலாம். பதினெட்டு ஓட்டு வாங்கியவர் படம் ஏறுவார். செயலாளருக்கு ஓட்டுக் கிடையாது, அவர் தனியே உட்கார்ந்து எண்ணிவிட்டுச் சீட்டுகளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட வேண்டும், ஏனென்றால் எந்தக் கையெழுத்து யாருடையது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஜெயித்தவர் பெயரை மைதானத்தில் சொல்வோம். தோற்றவருக்கு எத்தனை ஓட்டு என்பதைச் செயலாளர் வீடு தேடிப் போய் அவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும்.

அந்தத் தை மாதம் பட்டியலில் ஐந்து பெயர். அதில் ஒன்று தவசிக்கனி. இன்னொன்று சூசைமாணிக்கம், நல்ல மனிதர், எல்லோருக்கும் வேண்டியவர், ஆட்டத்தில் அவர் செய்த பெரிய காரியம் எதிர் அணிக்கும் மோர் வாங்கிக் கொடுத்ததுதான். ஓட்டுப் போட வந்தவர்களில் அநேகமாக எல்லோரும் பேனாவைத் திறந்துகொண்டு ஒரே மாதிரி யோசித்தார்கள். தவசிக்கனிக்கு நான் எழுதித்தானா ஆக வேண்டும், மீதி இருபத்து மூன்று பேரும் எழுதப்போகிறார்கள், பாவம் சூசைக்கு ஒரு ஓட்டும் விழாமல் போனால் மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்து, இளகிய மனசோடு சூசை பெயரை எழுதி, இன்னொரு இடத்தில் யாராவது சொந்தக்காரர் பெயரையோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரையோ எழுதி, நல்ல காரியம் செய்த திருப்தியோடு எழுந்து போனார்கள். தவசிக்கனியும் சூசையைப் போல ஓட்டு உள்ளவர்தான், பழைய கேப்டன். தன் பெயரைத் தானே எழுதலாம், விதியில் தடை இல்லை. ஆனால் அவர் எழுதவில்லை.

நான் எண்ணினேன். சூசைமாணிக்கத்துக்கு இருபத்திரண்டு. மற்ற மூன்று பேருக்குப் பதினொன்று, ஒன்பது, ஆறு. தவசிக்கனிக்கு ஒன்றுமில்லை. மறுபடி எண்ணினேன். மேசைக்கு அடியில் பார்த்தேன். என் சட்டைப் பையைக்கூட வெளியே இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சீட்டுகளை வாளியில் அமுக்கினேன்.

மைதானத்தில் சூசை பெயரைச் சொன்னதும் கைதட்டு விழுந்தது, கைதட்டியவர்கள் எல்லாம் அடுத்த பெயருக்குக் காத்திருந்தார்கள், அடுத்த பெயர் இல்லை என்று தெரிந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சூசை மாலையோடு நின்று அழுதார், சந்தோஷத்தில் அல்ல.

நான் ஓடைத்தெருவுக்குப் போனேன். அண்ணாச்சி முற்றத்து முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எத்தனைவே?" என்றார், திரும்பாமலே.

ஒன்றுமில்லை என்ற சொல் என் வாயில் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். தூக்குத் தண்டனைத் தீர்ப்பைக்கூடக் கண் கலங்காமல் நகல் எடுத்தவன் நான். ஆனால் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, "பதினேழு அண்ணாச்சி. ஒண்ணுல போச்சு," என்றேன்.

அவர் திரும்பினார். அழுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துபோயிற்று.

"பதினேழு பேராவே? பதினேழு பேரு என்னை எழுதியிருக்கானா!" என்று சொல்லிக்கொண்டே, என்னை அங்கேயே நிறுத்திவிட்டுச் சட்டை மாட்டுவதற்கு உள்ளே ஓடினார்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. யார் அந்தப் பதினேழு பேர் என்று அவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, தகுதியில்லாத ஆறு பேருக்கு நன்றி சொன்னால் குறைந்து போகமாட்டோம், தகுதியுள்ள ஒருவருக்குச் சொல்லாமல் விட்டால்தான் பாவம் என்று கணக்குப் போட்டு, ஒரு வாரமாக இருபத்து மூன்று வீட்டுக்கும் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றினார், பதினேழு ஓட்டு விழுந்ததைச் சொன்னார், இரண்டு கையையும் கூப்பினார், "நீங்க எனக்குச் செஞ்சத மறக்க மாட்டேன், ரொம்ப நன்றி," என்றார். ஒவ்வொருவரும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள். அந்த ஆறு பேரில் நான் ஒருவன் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, பதினேழு பேரில் ஒருவன் மாதிரி சிரித்து, அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஏழாவது நாள்தான் பந்துகள் கிளம்பின.

பூப்பந்து மட்டும் என்றில்லை. பள்ளிக்கூடத்துக் கைப்பந்து போனது, தெருவில் ஆடுகிற ரப்பர் பந்து போனது, ஒரு வீட்டில் தொட்டிலுக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் பந்து உருண்டு உருண்டு மெயின் ரோட்டுக்கு வந்து, திருச்செந்தூர் பஸ் போகும்வரை ஓரமாக நின்று, பிறகு ரோட்டைக் கடந்து போனதைப் பத்துப் பேர் பார்த்தார்கள். லட்டும் எலுமிச்சம்பழமும் போகவில்லை. ஆடுவதற்கென்று இருக்கிறதுதான் போகும் என்று கோயில் பூசாரி இரண்டையும் வைத்துப் பார்த்துச் சொன்னார். ஊர் அதற்கேற்ப நடந்துகொண்டது. பந்துகளில் பேர் எழுதி வைத்தார்கள். அண்ணாச்சி தக்காளிக் கூடைகள் நாலு வாங்கி முற்றத்தில் வரிசையாக வைத்து, பூப்பந்து ஒன்றில், ரப்பர் பந்து ஒன்றில் என்று பிரித்துப் போட்டார். காலை ஏழு முதல் எட்டு, மாலை ஆறு முதல் ஏழு பந்து கொடுக்கும் நேரம் ஆயிற்று. ஓடைத்தெரு முனையில் சுண்டல் வண்டி வந்து நின்றது. பந்து வலையைத் தாண்டியதும் புள்ளி கணக்கு, அதற்கு மேல் அது போகிற போக்கு ஆட்டத்தில் சேராது என்று நடுவர்கள் புது விதி போட்டார்கள். வெளியூர் அணி ஒன்று புகார் கொடுத்து, மேலிடத்திலிருந்து ஒருவர் காற்றளக்கும் கருவியோடு வந்தார். அவர் பையில் இருந்த பந்தே ஜிப்பைத் திறந்துகொண்டு போனதும், காற்று இயல்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆறு மணிக்கு வரிசையில் நின்று தன் பந்தை வாங்கிக்கொண்டு ஊர் போனார்.

ஊருக்குப் பழகிவிட்டது. பழகாதது இருபத்து மூன்று பேருக்குத்தான். அவர்கள் வீட்டுப் பந்து போனால் கேட்கப் போகமாட்டார்கள், கடையில் புதுசு வாங்குவார்கள், புதுசும் போகும், மறுபடி வாங்குவார்கள். போகாமல் தப்பிக்க முடியாதவர் ஜெபரத்தினம் டீச்சர். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, ஒரு காலத்தில் மாவட்ட அணிக் கேப்டன். பள்ளிக்கூடத்துப் பந்தை விட முடியாதே, தினமும் சாயங்காலம் சாக்குப் பையோடு போவார். அண்ணாச்சி ஒவ்வொரு பந்தையும் துண்டால் துடைத்து, "இது நல்ல பந்து டீச்சர், இன்னும் மூணு மாசம் வரும்," என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டே வாங்குவார்.

சித்திரையில் ஒரு நாள் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், யார்கிட்டயும் சொல்லிராதீங்க. அண்ணாச்சிக்குக் குறைஞ்ச அந்த ஒரு ஓட்டு என்னோடதுதான். எல்லாரும் போடுவாங்கன்னு நெனச்சி நான் சூசை அண்ணனுக்குப் போட்டுட்டேன். அந்த மனுஷன் பந்தைத் தொடைச்சித் தரும்போது செத்துரலாம் போல இருக்கு சார்."

"விடுங்க டீச்சர், நடந்தது நடந்துட்டு," என்றேன்.

மறுவாரம் ஒரு நடுவர் வந்தார். அந்த ஒரு ஓட்டு என்னுடையது என்றார். வைகாசியில் நான்கு பேர் வந்தார்கள், தனித்தனியாக, ஒருவர் வரும்போது இன்னொருவர் சந்து வழியாகப் போவார். ஆனியில் சூசைமாணிக்கமே வந்து, தன் படத்தைக் கழற்றி அண்ணாச்சி படத்தை மாட்ட முடியுமா என்று கேட்டு, முடியாது என்றதும், அந்த ஒரு ஓட்டு நான்தான் பால்துரை என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆவணி முடிவதற்குள் இருபத்து மூன்று பேரும் வந்துவிட்டார்கள். ஒரே ஒரு ஓட்டை இருபத்து மூன்று பேர் சுமந்துகொண்டு திரிந்தார்கள், நான் இருபத்து மூன்று பேருக்கும் விடுங்க விடுங்க என்று ஆறுதல் சொல்லி, பெரிய மனிதன் மாதிரி மோர் கொடுத்து அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் அவர்கள் பாரம் குறையுமா கூடுமா என்று எனக்குத் தெரியவில்லை. என் பாரம் கூடும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம், வேறு எந்த நல்ல காரணமும் இல்லை.

புரட்டாசியில் கழகத்துப் போட்டிப் பந்துகள் பன்னிரண்டு ஒரே நாளில் போய்விட்டன. வேறு வழியில்லாமல் மதியம் இரண்டு மணிக்கு, வரிசை இல்லாத நேரமாகப் பார்த்து, நானே ஓடைத்தெருவுக்குப் போனேன்.

அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி தங்கபுஷ்பம் அக்கா குழம்பை ஊற்றினார், ஊற்றிய வேகத்தில் தட்டைச் சுற்றிலும் தெறித்தது. அவர் "போதும்" என்றார். அக்கா காதில் விழாத மாதிரி உள்ளே போய்விட்டார்.

"எட்டு மாசமா எங்கிட்டப் பேச மாட்டேங்காவே," என்றார் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது, என்னைப் பார்த்து. "நீங்களே சொல்லுங்க தம்பி. பதினேழு பேரு ஊரான் எழுதியிருக்கான். இவிய தன் பேரத் தானே எழுதியிருந்தா பதினெட்டு. முப்பது வருஷம் மொழங்கால் வீக்கத்துக்கு எண்ணெய் காய்ச்சிப் போட்டவ நான். அந்த மொழங்காலுக்குக்கூட ஒரு ஓட்டுப் போடலியே இந்த மனுஷன். நான் யாருகூடப் பேசணும்?"

"அவ சொல்லுதது நெசந்தான்," என்றார் அண்ணாச்சி. "என்னைக் கெடுத்தது நானேதான். யாரையும் குத்தம் சொல்ல ஏலாது."

 என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் சொன்ன ஒரு எண், எட்டு மாதமாக இந்த வீட்டுக்குள் இருந்து இரண்டு பேரையும் தின்றுகொண்டிருக்கிறது.

"அண்ணாச்சி," என்றேன். "பதினேழு இல்ல."

"பின்ன?"

"நீங்க எழுதியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. உங்களுக்கு ஒரு ஓட்டுக்கூட விழல. ஒருத்தரும் எழுதல. நான் பொய் சொல்லிட்டேன்."

சோற்றுக்குள் இருந்த அவர் கை அப்படியே நின்றது. அக்கா வாசற்படிக்கு வந்து நின்றார். முற்றத்தில் எங்கிருந்தோ ஒரு ரப்பர் பந்து வந்து விழுந்து, கூடைக்குப் பக்கத்தில் ஓசைப்படாமல் ஒதுங்கியது. அவர் கையைக் கழுவினார், துண்டில் துடைத்தார், நிதானமாக உட்கார்ந்தார்.

"ஒருத்தனுமா?"

"எல்லாரும் மத்தவங்க போடுவாங்கன்னு நெனச்சிட்டாங்க அண்ணாச்சி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார். துண்டை மடித்துத் தோளில் போட்டார். பிறகு, "ஓட்டுப் போடாதது பெரிசில்லவே. எனக்கு நானே போடல, மத்தவனச் சொல்லி என்ன? ஆனா இருபத்து மூணு வீட்டுல செருப்பக் கழத்திட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேனே. ஒருத்தனாவது, எனக்கு வேண்டாம் தவசி, இத நீ வச்சுக்கோன்னு சொல்லலியே. எல்லாரும் வாங்கிக்கிட்டானே," என்றார்.

நான் பன்னிரண்டு பந்தையும் கேட்காமல் எழுந்தேன். அவரும் எழுந்து ஆணியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

"எங்க கெளம்பிட்டிய?" என்றார் அக்கா. எட்டு மாதத்தில் அவர் புருஷனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"குடுத்ததத் திருப்பி வாங்கணும்லா."

"வெயிலு. இருங்க, கொடை எடுத்துட்டு வாறேன்."

முதல் வீடு ஜெபரத்தினம் டீச்சர் வீடு. நான் தெரு முனையிலேயே நின்றுவிட்டேன், ஆனாலும் கேட்டது. ஊரே எட்டு மாதமாக அண்ணாச்சி வாசலில் போய் நின்று பந்து கேட்டதே, அதே குரலில், அதே தயக்கத்தோடு அவர் கேட்டார்.

"டீச்சர், ஓட்டு முடிஞ்ச வாரம் இங்க வந்து ஒரு நன்றி சொல்லிட்டுப் போனேன். அது உங்களுக்கு உள்ளது இல்லையாம். இருந்தா குடுத்துருங்க."

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டார். நன்றியைத் திருப்பிக் கொடுப்பதென்றால் எப்படி என்று இந்த ஊரில் அதற்கு முன் யாருக்கும் தெரியாது, வாயால் வாங்கியதை வாயால்தான் கொடுக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றினார், இரண்டு கையையும் கூப்பினார்.

"நன்றி அண்ணாச்சி," என்றார். வெறுமனே சொன்னால் போதாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "கோவில்பட்டியில கடைசிப் புள்ளிக்கு நீங்க படுத்து எடுத்தீங்களே ஒரு பந்து. அதப் பாத்துட்டுத்தான் நான் மட்டை புடிச்சேன். அதுக்கு நன்றி," என்று சொல்லி அழுதார்.

அண்ணாச்சி தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். அக்கா குடையை விரித்தார். அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

ஒருத்தரும் எழுதவில்லை என்ற செய்தி அவருக்கு முன்னால் ஓடியது. அந்த ஒரு ஓட்டு தன்னுடையது என்று இத்தனை நாள் மனசுக்குள் புழுங்கியவர்கள், இருபத்து மூன்று பேரும் அதையேதான் செய்திருக்கிறார்கள் என்று கேட்டு, ஆறுதல் அடையவில்லை, வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒரு நடுவர், தான் தப்பாகக் கொடுத்த தீர்ப்பை எதிர்த்துப் பேசாமல் போனாரே அதற்கு நன்றி என்றார். சூசைமாணிக்கம், தவசி, உன் பக்கத்தில் நின்றதால்தான் என்னையும் நாலு பேர் ஆட்டக்காரன் என்றார்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார், இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நன்றி திரும்பக் கிடைக்கக் கிடைக்க, மைதானத்தில் அடித்த பந்துகள் தயங்க ஆரம்பித்தன. பத்தாவது வீட்டில் கைப்பந்து மின்கம்பம்வரை போய்த் திரும்பியது. பதினெட்டாவது வீட்டில் ரப்பர் பந்து வேலியோடு நின்றது. இருபத்து மூன்றாவது வீட்டில் அவர் கைகூப்பி விடைபெற்றபோது, பூப்பந்து அடித்த இடத்துக்கு எதிரே, கோட்டுக்கு உள்ளே, சாதாரணமாக விழுந்தது என்று சொன்னார்கள்.

அந்த இருபத்து மூன்றாவது வீடு என் தெருவில்தான் இருக்கிறது. அதைத் தாண்டினால் என் வீடு. நான் குளித்து, வேட்டி மாற்றி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றேன். எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். கோர்ட்டு வேலையில் இருந்த முப்பத்தோரு வருஷத்தில் நான் சந்தோஷமாக இருந்த சாயங்காலங்கள் எல்லாம் அவர் ஆட்டம் பார்த்த சாயங்காலங்கள், அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே குடையில் வந்தார்கள். அக்கா என்னவோ சொல்ல, அவர் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். என் வாசலுக்கு வந்தும் நடை நிற்கவில்லை.

"அண்ணாச்சி!" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வழி கேட்கிற வெளியூர்க்காரனைப் பார்க்கிற மாதிரி மரியாதையாகப் பார்த்தார்.

"உம்மகிட்ட நான் ஒண்ணும் குடுத்து வைக்கலியேவே," என்றார்.

சொல்லிவிட்டு நடந்தார். நான் கூப்பிய கையோடு, தெரு முனையில் அந்தக் குடை மறையும்வரை வெறுங்காலில் நின்றேன்.